கர்னல் விற்பனைக்கு

தண்ணீர் இறைக்கும் பம்பு ஒன்று வாங்கலாம் என்று ஏலத்துக்குப் போன வெர்ன், பழைய ராணுவ லாரி ஒன்றை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். பம்பு எங்கே என்று அவன் மனைவி மொரீன் கேட்டதற்கு, "விலை கட்டுப்படியாகலை" என்றான்.

பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாய்ச் சாயம் அடித்த டீசல் லாரி. நாலு சக்கரமும் இழுக்கும். ஏசி கிடையாது. ரேடியோவும் கிடையாது, இருந்தாலும் அந்த இரைச்சலில் கேட்டிருக்காது. கிளம்பும்போது பெரிதாக ஒரு இருமல் இருமிக் கரும்புகை கக்கும். கொடியில் காயும் துணியை மொரீன் மறுபடி தோய்க்க வேண்டும். ஊர்க்காரர்கள் அதற்குக் கர்னல் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர்கள் ஊரான பிண்டரூ, ஆஸ்திரேலியாவின் மேற்குக் குயின்ஸ்லாந்தில் கரிசல் மண் பூமி. வெயில் காலத்தில் கால் புதைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும் மண், மழை விழுந்துவிட்டால் பசையாகிவிடும். எந்த வண்டியும் நகராது. கர்னல் மட்டும் நகரும். வினையே அதுதான்.

மழை இறங்கியதுமே போன் அடிக்கும். "வெர்ன், ஒரு சின்ன உதவிப்பா." ஒருவனுடைய டிராக்டர் ஓடையில் இறங்கிவிட்டது. இன்னொருவனின் ஆட்டு லாரி சேற்றில் சாய்ந்து நிற்கிறது. கல்யாணப் பெண் ஒருத்தியைச் சர்ச்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வெர்னுக்கு முடியாது என்ற வார்த்தை வாயில் வராது. தட்டில் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவான். சேறும் இடுப்பு வலியுமாகத் திரும்பி வந்து, மொரீனைத் தைலம் தேய்க்கச் சொல்வான்.

அவர்களுடைய கல்யாண நாளன்று மொரீன் ஆட்டுத்தொடையை ரோஸ்ட் செய்து, மெழுகுவத்தியும் ஏற்றி வைத்திருந்தாள். பப் நடத்துகிற குவில்டியின் பீர் வேன் எங்கோ மாட்டிக்கொண்டது. வெர்ன் கிளம்பிவிட்டான். அவன் திரும்பியபோது மெழுகுவத்தி தட்டோடு ஒட்டிக் கிடந்தது.

"கர்னலை வித்துடு" என்றாள் மொரீன்.

"சரி."

அவன் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததில் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அன்று வரவில்லை.

இன்டர்நெட்டில் விளம்பரத்தை அவளே போட்டாள். ஆட்கள் போன் செய்தார்கள். டவுன்ஸ்வில்லிலிருந்து ஒருவன், லாங்ரீச்சிலிருந்து இரண்டு சகோதரர்கள், லாரிக்குப் பின்னால் படுக்கை கட்டி நாடு சுற்றப் போகிற ஒரு ரிட்டையர்டு டீச்சர். எல்லோரும் வருகிறேன் என்றார்கள். "ஊருக்குள்ள வந்து பப்புல வழி கேளுங்க, சொல்லுவாங்க" என்று மொரீனே சொல்லி வைத்தாள். ஒவ்வொரு தடவையும் ஸ்கோன் பன் சுட்டு, ஜாம் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒருத்தரும் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

கடைசியில் அந்த டீச்சருக்கு இவளே போன் போட்டாள். அந்தம்மா தயங்கித் தயங்கி, "மன்னிச்சுக்கோங்க, எனக்குப் பாம்புன்னா ஆகாது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மொரீன் போனை வைத்தாள். பிறகு கைக்குட்டையை எடுத்துப் போனின் வாயில் சுற்றி, பப்பின் நம்பரை அழுத்தினாள். வேலி பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெர்ன் மத்தியானமே போய்விட்டிருந்தான்.

"ஹலோ, நான் பிரிஸ்பேன்லேருந்து பேசுறேன்" என்றாள், மூக்கால். "உங்க ஊர்ல ஒரு ராணுவ லாரி விலைக்கு வருதாமே. நாளைக்குப் பார்க்க வரலாம்னு இருக்கேன்."

குவில்டி பெருமூச்சு விட்டான். "நல்லவேளை மேடம், கிளம்புறதுக்கு முன்னாடி கேட்டீங்க. அந்த வண்டியில ஒரு பாம்பு குடியிருக்கு."

"அய்யய்யோ. வண்டியில எங்க?"

"டேஷ்போர்டுக்குள்ள. குடும்பத்தோட. அதுகூடப் பரவாயில்ல, வண்டிக்காரர் சம்சாரம் இருக்காங்களே, பாம்பே தேவலைன்னு ஆயிடும்."

மொரீன் பல்லைக் கடித்துக்கொண்டாள். "எஞ்சின் எப்படி?"

"மெக்கானிக்கே இங்கதான் இருக்கான், கேளுங்க. லெஸ், இந்தா."

போன் கைமாறியது. லெஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்புனீங்கன்னா வண்டி கொஞ்சம் யோசிக்கும் மேடம். யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நீங்க இடது பக்கம் பள்ளத்துல கிடப்பீங்க. பிரேக்கைப் பத்தி நான் பேசவே விரும்பலை. எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு."

"அந்த லாரியை ஓட்டிப் பார்த்தவங்க வேற யாராவது இருக்காங்களா?"

அந்தப் பக்கம் குசுகுசுவென்று பேச்சு. யாரோ மறுப்பதும் யாரோ தள்ளிவிடுவதும் கேட்டது. பிறகு இன்னொரு குரல், செயற்கையாகக் கட்டைக் குரலில் வந்தது.

"ஆமா மேடம். நான் ஓட்டியிருக்கேன். இடுப்பு போயிடுச்சு."

"அப்படியா. பாவம். தைலம் தேய்ச்சுக்கிறீங்களா?"

"தேய்ச்சுக்கிறேன் மேடம்."

மொரீன் கைக்குட்டையைப் பிரித்து எடுத்தாள். "வெர்ன், வரும்போது பால் வாங்கிட்டு வா."

பப் முழுக்க நிசப்தமானது அவளுக்குப் போனிலேயே கேட்டது.

வெர்ன் பாலோடு வந்தான். கூடவே அவன் வழக்கமாக வாங்காத சாக்லெட்டும் இருந்தது. சமையல் மேஜையில் இரண்டையும் வைத்துவிட்டு உட்காராமல் நின்றான்.

"பாம்பு யாரோட யோசனை?"

"குவில்டி."

"பாம்பே தேவலைன்னு சொன்னது?"

"அதுவும் அவன்தான். சத்தியமா நான் இல்ல."

"உனக்கு விக்க இஷ்டமில்லன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஊரையே கூட்டி வச்சுப் பொய் சொல்ல வைக்கணுமா?"

வெர்ன் தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைத் தடவினான். "விக்க விடாம நாங்க பார்த்துக்கறோம்னு அவங்க வந்து கேட்டாங்க, முடியாதுன்னு சொல்ல முடியல." பிறகு தணிந்த குரலில் சொன்னான்: "கர்னல் போயிட்டா என்னை யாரு கூப்பிடப் போறாங்க, சொல்லு. மத்தபடி நான் நாலு ஆடு வச்சிருக்கிற கிழவன்."

மொரீனுக்கு அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை அவள் குவில்டிக்கென்று எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலை பப்புக்குப் போனாள். குவில்டி கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அது ஏற்கெனவே பளபளத்தது.

"சிட்னிலேருந்து ஒருத்தர் நாளைக்கு வர்றாரு, நேரா என் வீட்டுக்கே" என்றாள் மொரீன். அப்படி யாரும் இல்லை. "வர்ற மழைக்கு உன் பீர் வேனை யார் இழுப்பாங்கன்னு யோசிச்சு வச்சுக்கோ."

"மொரீன், நீங்க அப்படிச் சொல்லக் கூடாது. இது ஊர் வண்டி மாதிரி."

"ஊர் வண்டின்னா ஊரே வாங்கட்டும்."

குவில்டி லெஸ்ஸைப் பார்த்தான். லெஸ் கூரையைப் பார்த்தான். சாயங்காலத்துக்குள் கமிட்டி ஒன்று முளைத்தது. பப்பில் வாராவாரம் கோழியைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கல் நடத்திப் பணம் சேர்ப்பது என்று முடிவானது. பாம்பு, பிரேக் என்று சொல்லி விலையைக் குறைக்கப் பார்த்த லெஸ்ஸை மொரீன் ஒரு பார்வை பார்த்தாள். அவன் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. அந்த மாதம் முடியும் முன் கர்னல் பப்புக்குப் பின்னால் போய் நின்றது. சாவி பீர்க்குழாய்க்கு மேலே ஆணியில் தொங்கியது.

வெர்ன் இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. கொட்டகையில் லாரி நின்ற இடத்தில் நாற்காலியைப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான். மொரீன் டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். துணி வெள்ளையாகக் காய்ந்தது. அதற்காக அவளால் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு நல்ல மழை. இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது. வெர்ன் பாதி எழுந்துவிட்டான். மொரீன் கையைக் காட்டி அவனை உட்கார வைத்துவிட்டு, போனை எடுத்தாள்.

குவில்டிதான். பீர் வேனை இழுக்கப் போன கர்னலே ஓடைக்கரைச் சேற்றில் உட்கார்ந்துவிட்டதாம். நாலு சக்கர லிவர் எந்தப் பக்கம் விழும் என்று கமிட்டிக்குள் சண்டையாம்.

"அவர் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. சாப்பிட்டு முடிச்சதும் வருவாரு" என்று வைத்தாள்.

வெர்ன் ஆட்டுக்கறியை முழுசாக, சூடாக, அவசரமில்லாமல் சாப்பிட்டான். உருளைக்கிழங்கு இன்னொரு கரண்டி கேட்டான். அவன் முகத்தில் பல நாளாகக் காணாமல் போயிருந்த ஒரு களை வந்திருந்தது.

"என்னை விட்டா அவனுங்களுக்கு வேற நாதி இல்ல" என்றான்.

"தெரியுது. குனியாதே, தள்ளாதே. வாயால சொல்லு, போதும்."

ஓடை, வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். குடையும் மடக்கு நாற்காலிகளும் பிளாஸ்க்குமாக இருவரும் நடந்து போனார்கள். ஊர் ஆண்கள் முழங்கால் வரை சேற்றில் நின்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். வெர்ன் மேட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து காலை நீட்டினான்.

"லெஸ், முதல்ல ஆக்சிலேட்டரை விடு. குவில்டி, டயருக்கு முன்னாடி இருக்கிற சேத்தைத் தோண்டு. கையாலதான், வேற எதால?"

குவில்டி குனிந்து தோண்டினான். மொரீன் டீ ஊற்றி வெர்னிடம் கொடுத்தாள்.

"இன்னும் ஆழமா" என்றாள் குவில்டியைப் பார்த்து.