தட்டிப் பார்த்த சத்தம்

மெக்கானிக்குக்கு ஒரு வழக்கம் உண்டு. கிளட்ச் மாற்ற வண்டியைப் பிரித்தால், உள்ளே இருக்கும் ஃப்ளைவீலைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டு, ஸ்பானரால் ஒரு தட்டு தட்டுவார். நல்ல இரும்பு கணீரென்று பாடும். விரிசல் விழுந்த இரும்பு, தொண்டை கட்டியவன் மாதிரி தொப்பென்று நின்றுவிடும். பார்த்தவர்கள் சிரித்தாலும் அந்தத் தட்டை அவர் விட்டதில்லை.

அன்றைக்கு லிஃப்டில் ஏறி நின்றது மச்சினனின் வண்டி. மனைவிக்கு ஒரே தம்பி. டர்போ வைத்து, பின்சீட்டைப் பிடுங்கி எறிந்து, தெருவையே எழுப்புகிற சத்தத்தோடு திரிகிற ஆள். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். இந்த நேரம் பார்த்து கிளட்ச் தேய்ந்துபோய், மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்தியது, வண்டி நகருவேனா என்றது.

"மாமா, சனிக்கிழமை மத்தியானம் வண்டி கைக்கு வந்துடணும்."

"கியர்பாக்ஸ எறக்கவே அரை நாள் ஆகும் மாப்ள. நீ வாய மூடிக்கிட்டு இருந்தா கொஞ்சம் சீக்கிரம் முடியும்."

கியர்பாக்ஸ் இறங்கியது. பழைய கிளட்ச் தட்டு கருகி நாறியது. அதற்குப் பின்னால் ஃப்ளைவீல், இன்ஜினின் வாலில் சுழலும் இரும்பு வட்டு. கனம் குறைந்தால் இன்ஜின் துள்ளும் என்று, இரண்டு வருடத்துக்கு முன் அதை லேத்தில் ஏற்றிச் சீவிக் கொடுத்தவரே மெக்கானிக்தான். "கம்பெனிக்காரன் வீலெல்லாம் இதுக்கு முன்னால தூசு" என்று மார்தட்டியதும் அவர்தான். மச்சினன் அதைப் போகிற இடமெல்லாம் சொல்ல, அவன் கூட்டாளி பூனைக்கண்ணனும் வந்து தன் வண்டி வீலைச் சீவிக்கொண்டு போனான்.

தொங்கவிட்டுத் தட்டினார். தொப்.

கயிறு சரியில்லை என்று வேறு கயிறு மாற்றினார். தொப். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, விளக்கைக் கிட்டத்தில் பிடித்தார். போல்ட் ஓட்டைகளைச் சுற்றி மயிரிழைக் கோடுகள். நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்றில் சிதறிய வீல் ஒன்றை அவர் பார்த்திருக்கிறார். கார் தரையைக் கிழித்துக்கொண்டு பெடல் பக்கம் வந்திருந்தது. ஓட்டினவனுக்கு இன்றைக்கு ஒரு கால்தான்.

புது வீல் வரப் பத்து நாள் ஆகும். அதுகூடப் பெரிதில்லை. "நான் சீவினது தப்பு மாப்ள, வீல் வீணாப்போச்சு" என்று சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வருடம் தொழில் செய்த மனுஷனுக்கு அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. பாழாய்ப்போன கௌரவம்! வெறும் சூட்டுக் கோடு என்று தனக்கே சொல்லிக்கொண்டு உப்புத்தாளால் தேய்த்தார். கோடுகள் கண்ணுக்கு மறைந்தன.

முன்னறையில் பார்ட்ஸ் கவுன்டரைப் பார்த்துக்கொள்ளும் மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, இன்னிக்கு அந்தச் சத்தமே கேக்கல? தட்டலையா?"

"தட்டினேனே. நீ போன்ல இருந்த."

அவள் போனில் பேசவில்லை. அது இருவருக்கும் தெரியும்.

அதே வீலை மறுபடி மாட்டினார். மற்றதெல்லாம் கச்சிதமாக நடந்தது. புதுக் கிளட்ச் தட்டை மையம் பார்த்து வைத்தார். ஒவ்வொரு போல்ட்டையும் அளவு பார்த்து முறுக்கினார். சனிக்கிழமை காலை அவரே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். இன்ஜின் சுற்றைக் காட்டும் முள்ளை மூவாயிரத்துக்கு மேல் ஏறவிடவில்லை.

"எப்படி மாமா இருக்கு?"

"வெண்ணெய் மாதிரி இருக்கு."

மச்சினன் ஏறி உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டினான். மெயின் ரோட்டில் ஒரு தடவை முழுசாக மிதித்துப் பார்க்கப் போகிறானாம். அந்தப் பக்கக் கதவைத் திறந்து மனைவியும் உட்கார்ந்தாள். "என் தம்பி என்னதான் கிழிக்கிறான்னு நானும் பாக்கறேன்."

"நீ எறங்கு" என்றார் மெக்கானிக்.

"ஏன்?"

"எறங்குன்னா எறங்கேன். கவுன்டர்ல ஆள் இல்ல."

"கதவப் பூட்டிட்டுத்தான் வந்தேன்." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு நிதானமாகப் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "எனக்கு ஆகாத வண்டி என் தம்பிக்கு மட்டும் ஆகுமா? சொல்லுங்க. இல்லன்னா நாங்க கெளம்பறோம். எடுடா தம்பி."

இன்ஜின் உறுமியது. முள் நாலாயிரத்தைத் தொட்டது. மெக்கானிக் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருகி உருவினார்.

"வீல்ல விரிசல்" என்றார். "தட்டினேன். சத்தம் செத்துப்போச்சு. ரொம்பச் சீவிட்டேன் மாப்ள. தப்பு என்னுது."

மச்சினன் பெடல்களின் மேலிருந்த இரண்டு கால்களையும் மெல்லத் தூக்கி, சீட்டின் மேலேயே மடக்கி வைத்துக்கொண்டான். அவனுடைய அக்கா பெல்ட்டைக் கழற்றினாள். "என்னைய மட்டும் எறங்கச் சொன்னீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மச்சினன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"மாமா, பூனைக்கண்ணனுக்கும் நீங்கதான சீவினீங்க?"

மெக்கானிக் போனைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார்.

"அவன் காலைலயே பிராக்டிஸ் பண்ண டிராக்குக்குப் போய்ட்டான் மாமா" என்றான் மச்சினன். "தன்னோட அண்ணனையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டுத்தான் போனான்."