எழுத்தில்லாத ஸ்லைட்

ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானப் பாடத்துக்காக மேர்சி டீச்சர் வாவிக்கரைச் சேற்றில் வளரும் கண்டல் தாவரங்களைப் பற்றி முப்பத்தெட்டு ஸ்லைட்டுகள் செய்திருந்தாள். ஒவ்வொன்றிலும் பத்து வரி. அவள் வாசித்தாள், பிள்ளைகள் எழுதினார்கள். பாடம் நன்றாகப் போனதாகவே நினைத்தாள்.

கொப்பிகளைத் திருத்தும்போதுதான் விதுர்ஷாவின் கொப்பி கைக்கு வந்தது. முத்து முத்தான எழுத்து. கடைசி வரி, 'நன்றி, வணக்கம்.'

மேர்சி அவளைக் கூப்பிட்டாள். "ஏன் புள்ள, இதையும் எழுதினீங்க?"

"நீங்க காட்டினீங்கதானே டீச்சர்."

"சரி, கண்டல்ல இந்தக் கிண்ணை மரத்துக்கு வேர் ஏன் மேல பார்த்து வளருது?"

பார்த்துச் சொல்வதற்காக விதுர்ஷா கொப்பியைக் கேட்டுக் கை நீட்டினாள். மேர்சிக்கு முகம் சுட்டது.

மறுநாள் விடியக் குருமண்வெளித் துறையில், 'பாதை' என்று சொல்லும் மிதவையில் ஏறினாள். ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் நிற்க, அது சத்தமில்லாமல் வாவியைக் கடந்தது. வானம் எது, தண்ணீர் எது என்று பிரியாத சாம்பல் நிறம். அக்கரை நெருங்கியபோது சேற்றிலிருந்து கிண்ணை வேர்கள் விரல் விரலாக மேலெழுந்து நின்றன. கைபேசியில் ஒரேயொரு படம் எடுத்தாள்.

வகுப்பில் ஜன்னல்களுக்குச் சீலை கட்டினார்கள். அந்தப் படம் மட்டும் சுவர் நிறைய விழுந்தது. ஓரெழுத்தும் இல்லை. மேர்சி பேசவுமில்லை. காற்றில் சீலை அசைய, சுவரில் வெளிச்சம் அலைந்தது.

"டீச்சர், தண்ணி அசையுது," என்றான் லக்ஷன் மெதுவாக.

"எழுதிறதில்லையா டீச்சர்?" என்று யாரோ கேட்டார்கள்.

"வேணாம். பாருங்க."

பார்த்தார்கள். பின்வரிசை வாங்கில் அரைத்தூக்கத்தில் சாய்ந்திருந்தவர்களும் கன்னத்தில் கையூன்றி அந்தச் சாம்பல் நீருக்குள் போய்விட்டார்கள். வெகுநேரம் கழித்து விதுர்ஷாவின் குரல் கேட்டது.

"சேத்துக்குள்ள காத்து இல்லதானே டீச்சர்... மூச்சு முட்டித்தான் மேல வந்திருக்கு போல."

"எங்கட அப்பா அந்த வேருக்குள்ளதான் இறால் பிடிக்கிற," என்றான் மதுஷன். "பெரிய மீனுக்கு அதுக்குள்ள வர ஏலாது."

மேர்சி ஒரு விசையை அழுத்தினாள். சுவர் இருண்டது. "இப்ப கண்டதைக் கீறுங்க."

மங்கலில் பென்சில்கள் உரசின. ஒருவன் மரத்தைவிட உயரமாக வேர்களைக் கீறியிருந்தான். மணி அடித்தும் பலர் எழும்பவில்லை.

இடைவேளையில் அவள் ஸ்லைட்டுகளை ஒவ்வொன்றாக அழித்தாள். பரீட்சைக்கு வேண்டிய அட்டவணையோடு ஆறு மிஞ்சின. அப்போது விதுர்ஷா வந்து மேசையருகே நின்றாள்.

"டீச்சர், வேருக்குள்ள காத்து எதால போகும்?"

விடை நாவில் இருந்தது. மேர்சி அதை விழுங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு எல்லாரும் துறையடிக்குப் போவம். தொட்டுப் பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க."

"ஓம் டீச்சர்," என்று விதுர்ஷா ஓடினாள்.