வண்டி வரும் பக்கம்

சலூன்காரருக்கு ஒரு பழக்கம். மனைவியோடு சாலையைக் கடக்கும்போது வண்டி வரும் பக்கம் அவர்தான் நிற்பார். பாதிச் சாலை வரை அவளுக்கு வலப்பக்கம். நடுத்திட்டு வந்ததும் சட்டென்று இடப்பக்கம் மாறிக்கொள்வார். தினமும் காலையில், அவள் வேலை பார்க்கும் எதிர்ப்புறத் தையல் கடையில் அவளை விட்டுவிட்டு வந்துதான் சலூனைத் திறப்பார். "ராணியை இறக்கி விட்டாச்சா?" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் வம்பிழுப்பார்கள். மனிதர் உள்ளுக்குள் பூரித்துப்போவார்.

இப்படிப்பட்டவருக்குத்தானா இடது காது போக வேண்டும்? போன மாதக் காய்ச்சலோடு அது அடைத்துக்கொண்டது. இனித் திறக்காது என்று மருத்துவரும் கையை விரித்துவிட்டார். இவர் வீட்டில் மூச்சு விடவில்லை. தெரிந்தால், கூட வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். அந்தக் காலை நடை போய்விடும். அந்தப் பயத்தில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு திரிந்தார். கடையில் யாராவது இடப்பக்கமிருந்து பேசினால், கத்தரிக்கோலைச் சடசடக்க விட்டபடி தலையை ஆட்டி வைப்பார். மீசையில் கை வைக்காதீர்கள் என்று சொன்ன ஒருவருக்கு மீசை போனது அப்படித்தான்.

அன்று நடுத்திட்டில் இடம் மாறி, அவள் கையைப் பிடித்தபடி காலை எடுத்து வைத்தார். ஹாரன் கேட்டது. ஒற்றைக் காதுக்கு எல்லாச் சத்தமும் அந்தக் காதுப் பக்கமிருந்துதான் வரும். வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார்; ஒன்றையும் காணோம். தைரியமாக அடுத்த அடியும் வைத்தார். பால் வண்டி வந்ததோ இடப்பக்கம். மனைவி சட்டைக் காலரைப் பிடித்துத் திட்டின் மேல் இழுத்துப் போட்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அவருடைய ஒற்றைச் செருப்பு மட்டும் சாலையில் நசுங்கிக் கிடந்தது.

அவள் அவரைத் தன் பக்கம் திருப்பி நிறுத்தினாள். "வண்டி இந்தப் பக்கம் வருது, நீங்க அந்தப் பக்கம் பாக்குறீங்க. காதுல என்ன?"

இனி மறைத்து என்ன பயன்? "இடது காது கேக்கறதில்ல. காய்ச்சல் வந்துச்சே, அப்பலேருந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, கூட வர வேணாம்னுருவ. அப்புறம் உன்னை யாரு பாத்துக் கூட்டிட்டுப் போறது?"

"எனக்கு ரோடு தாண்டத் தெரியாதா? கல்யாணத்துக்கு முன்னாடி இதே ரோட்டைத் தனியாத்தானே தாண்டினேன்?"

அவர் முகம் சுண்டிப்போனது. "அப்புறம் எதுக்கு தினம் எனக்காகக் காத்துக்கிட்டு நிப்ப?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபம் இன்னும் இறங்கவில்லை. "நாள் பூரா ஊரார் தலையெல்லாம் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. என் கையப் பிடிக்கிறது இந்த ரோட்டுல மட்டுந்தான்."

வண்டிகள் ஓயும்வரை இருவரும் திட்டிலேயே நின்றார்கள். இந்தத் தடவை இடப்பக்கம் அவள் நின்றாள்.

"நாளையிலேருந்து சிக்னல் வழியாப் போவோம்" என்றாள்.

"அது ரொம்பச் சுத்து வழியாச்சே."

"அதனாலதான் சொல்றேன்."