டீன் தொட்ட சில்லு

புது மேடம் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. இருந்தும் பல்கலைக்கழகத்தில் அவள் இன்னும் புது மேடம்தான். அடுத்த ஆள் வந்து சேரும்வரை அந்தப் பட்டம் கழன்று விழாது. அடுத்த ஆளை எடுக்கிற உத்தேசமும் நிர்வாகத்துக்கு இல்லை.

அந்த வருடம் 'இளம் ஆய்வாளர் ஊக்க நல்கை' அவளுக்குக் கிடைத்தது. சேதி கேட்டதும் அப்பா, "எவ்வளவும்மா குடுக்கறாங்க?" என்றார்.

"எட்டு மணி நேரம்ப்பா."

"என்னது?"

"பொது ஆய்வுக்கூடத்துல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருக்குல்ல, அதுல ஒரு நாள் முழுக்க இலவசமா உட்காரலாம்."

"நேரத்தைப் பரிசாக் குடுக்க அவங்க என்ன கடிகாரக் கடையா வெச்சிருக்காங்க?"

சிரித்தாளே தவிர, அந்த எட்டு மணி நேரத்துக்காக அவள் பதினோரு பக்கம் விண்ணப்பம் எழுதியிருந்தாள். வாயுக் கசிவை மோப்பம் பிடிக்கிற ஒரு படலத்தை, நகத்தளவு கண்ணாடிச் சில்லின்மேல் படிய வைத்திருந்தாள். படலத்தின் தடிமன் தலைமுடியில் நூறில் ஒரு பங்கு. அந்தப் படலம் குட்டிக் குட்டித் தூண்களாக நிற்கிறது, தூண்களின் இடைவெளியில்தான் வாயு புகுகிறது என்பது அவள் கட்சி. படம் எடுத்துக் காட்டினால்தான் நம்புவார்கள். ஆறு வாரத்தில் அவள் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா அனுப்புவதா என்று முடிவு செய்யும் குழு கேட்டிருப்பதும் அந்தப் படத்தைத்தான். படலம் செய்கிற உலை பழுதாகிக் கிடந்ததால் தேறியது ஒரே ஒரு சில்லு. மைக்ராஸ்கோப்பில் அடுத்த இடம் நான்கு மாதம் கழித்துத்தான்.

குறித்த நாள் காலை ஒன்பது மணிக்கு ஆய்வுக்கூடத்துக்கு வந்தால், வாசலில் ரிப்பன் கட்டியிருந்தது.

"என்னண்ணா இது?" என்றாள் ஆபரேட்டரிடம்.

"நல்கைத் திட்டத் தொடக்க விழாவாம்மா. டீன் பேசறாரு."

"என் நேரம்?"

"ஒன்பது மணிக்கே ஓட ஆரம்பிச்சுடுச்சு."

டீன் நாற்பது நிமிடம் பேசினார். சிறியதின் பெருமை என்பது தலைப்பு. அணு எவ்வளவு சிறியது, அணுவுக்குள் இருப்பது இன்னும் எவ்வளவு சிறியது என்று போய்க்கொண்டே இருந்தவருக்கு, சிறிய பேச்சு என்று ஒன்று உண்டென்பது மட்டும் தோன்றவில்லை. கடைசியில் போட்டோக்காரர், "சார், கையில ஏதாவது பிடிச்சுக்கிட்டா நல்லாருக்கும்" என்றார்.

புது மேடம் வாயைத் திறப்பதற்குள் டீன் சில்லு இருந்த அவள் டப்பாவைத் திறந்துவிட்டார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சில்லைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். கையுறை இல்லாத வெறும் விரல். போட்டோக்காரர் நான்கு படம் எடுத்தார். நான்கிலும் டீன் நன்றாக விழுந்திருந்தார்.

கூட்டம் கலைந்ததும் ஆபரேட்டர் சில்லை மைக்ராஸ்கோப்புக்குள் வைத்து, பம்ப்பைப் போட்டு உள்ளிருந்த காற்றை வெளியேற்றினார். திரையில் வந்தது கைரேகை. வயலில் உழுத சால் மாதிரி வரிவரியாக எண்ணெய்ப் பிசுக்கு. எலக்ட்ரான் கற்றை பட்டுப் பட்டு அந்த இடம் கறுத்துக்கொண்டே போனது.

"கழுவினா?" என்றார் ஆபரேட்டர்.

"படலமே உரிஞ்சு வந்துடும்ணா."

அப்போது கதவு திறந்தது. டீன், தனியாக. காரில் ஏறியவர் இறங்கி வந்திருந்தார். திரையைப் பார்த்தார். தன் கட்டை விரலைப் பார்த்தார்.

"நான் தொட்டிருக்கக் கூடாது, இல்ல?"

புது மேடம் காலி டப்பாவை மூடினாள்.

"முப்பது வருஷம் முன்னால, என் சாம்பிளை ஒருத்தன் தொட்டப்போ அவன் கையைத் தட்டிவிட்டவன்மா நான்." நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மேடையில் இருந்ததைவிட அரை ஆள் குறைந்துபோனார்.

ஆபரேட்டர் மெதுவாகச் சொன்னார்: "ஏம்மா, மேல பார்க்க முடியலேன்னா பக்கவாட்டுல பார்க்கலாமே. உடைச்சா, உடைஞ்ச ஓரத்தை யாரும் தொட்டிருக்க மாட்டாங்க."

"இருக்கறது ஒண்ணுதான்ணா. கோணலா உடைஞ்சா?"

"கோணலா உடைஞ்சா போச்சு. இன்னொண்ணு, உங்க விண்ணப்பத்துல மேற்பரப்புன்னுதான் இருக்கு. பக்கவாட்டுன்னா நல்கைக் குழு ஒப்புதல் வேணும்."

"குழுத் தலைவர் நான்தான்" என்றார் டீன். விண்ணப்பத்தை வாங்கி, ஒரு வார்த்தையை அடித்து, இன்னொன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் பதவிக் காலத்தில் அரை நிமிடத்தில் முடிந்த ஒரே கூட்டம் அதுவாகத்தான் இருக்கும். பிறகு எழுந்து சட்டைக் கையை மடித்தார். "குடும்மா, நான் உடைக்கறேன். அந்தக் காலத்துல ஆயிரம் கண்ணாடி உடைச்ச கை."

புது மேடம் அவர் கையைப் பார்த்தாள். லேசாக நடுங்கியது. அவள் ஒப்பந்தம் நீள அவருடைய கையெழுத்தும் வேண்டும்.

"வேண்டாம் சார். நானே உடைக்கறேன்."

டீனின் முகம் சுருங்கிப் பின் தளர்ந்தது. "அதுவும் சரி. நான் என்ன பண்ணட்டும்?"

"கையுறை போட்டுக்கிட்டு விளக்கைப் பிடிங்க சார்."

பிடித்தார். பேசாமல் பிடித்தார். அவள் சில்லைக் கவிழ்த்து, வைரமுனைப் பேனாவால் பின்பக்க விளிம்பில் ஒரு சின்னக் கீறல் போட்டாள். இரண்டு இடுக்கிகளால் பிடித்து, மூச்சை அடக்கி, மெல்ல வளைத்தாள். 'டிக்' என்றது. ஒரு பாதி மூன்று துண்டாகச் சிதறியது. மறு பாதி அவள் இடுக்கியிலேயே இருந்தது, நேர்விளிம்போடு.

அதைச் செங்குத்தாக நிறுத்தி உள்ளே வைத்தபோது மணி பன்னிரண்டு. கற்றையைச் சரிசெய்ய இன்னும் நாற்பது நிமிடம். திரையில் முதலில் மங்கல், பிறகு சாம்பல், பிறகு ஓரம்.

தூண்கள். பக்கத்தில் பக்கத்தில், நடுவே கறுத்த சந்து விட்டு, வரிசையாக நின்றன.

புது மேடம் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீன் கையுறையைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தார்.

"இந்த ஓரத்துல நாலஞ்சு சாய்ஞ்சு ஒட்டிக்கிட்டு நிக்குதேம்மா, நடுவுல சந்தே இல்ல" என்றார் ஆபரேட்டர். "நேரா இருக்கற இடமாப் பார்த்து எடுக்கவா?"

"அதையும் எடுங்கண்ணா. ஒப்பந்தக் குழுவுக்கு ரெண்டையும் குடுப்போம்."