அத்தான் வைத்த பிழை

மச்சினனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அலுவலகச் சுவரில் ஒரு வட்டம் மாட்டியிருந்தார்கள். தேவை கேள், திட்டமிடு, நிரல் எழுது, சோதி, வெளியிடு, பராமரி என்று சுற்றிவந்த அம்பு மறுபடியும் தேவையிலேயே போய் முட்டியது. முடிந்த வேலையை எதற்கு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்? கேட்டால், மென்பொருளின் வாழ்க்கைச் சுழற்சி என்றார்கள். இவனும் புரிந்த மாதிரி தலையாட்டி வைத்தான்.

வேலை வாங்கிக் கொடுத்தவர் அக்காவின் கணவர். சலவைக்கடைக்கான செயலியை எழுதுவது அத்தான், அதில் பிழை கண்டுபிடிப்பது இவன். கண்ட பிழையை அலுவலகக் கணினியில் பதிய வேண்டும், எல்லோரும் பார்ப்பார்கள். அக்கா கையால் சாப்பிட்டுக்கொண்டு அத்தானின் குறையை ஊரறியப் போடுவானா? சாப்பாட்டு மேசையிலேயே காதோடு காதாகச் சொன்னான். அவரும் கமுக்கமாகத் திருத்திவிட்டார்.

ஒருநாள் மேலாளரம்மா கூப்பிட்டார்.

"உங்க பேர்ல ஒரு பிழைகூட பதிவாகலையே. வேலை பாக்குறீங்களா, நாற்காலியத் தேய்க்கிறீங்களா? வெளியிடறதுக்குள்ள ஒண்ணாவது வரலைன்னா வேற இடம் பாத்துக்குங்க."

இவன் செயலியைத் தட்டித் தட்டிப் பார்த்தான். இருந்ததையெல்லாம்தான் சாப்பாட்டோடு தீர்த்தாயிற்றே!

அத்தானுக்கு மனசு கேட்கவில்லை.

"மாப்ள, உனக்காக ஒரு பிழை வச்சிருக்கேன். எடுத்துப் பதிஞ்சிடு."

"எங்க அத்தான்?"

"அதையும் நானே சொன்னா நீ எதுக்கு?"

மறுநாள் செயலியில் சலவைத் துணி போர்வை என்று போட்டதும் திரை அப்படியே நின்றுபோனது. மச்சினன் துள்ளிக் குதித்துப் பதிந்தான். அத்தான் வேறு வேலையில் மூழ்கியிருந்ததால் பக்கத்து இருக்கைக்காரி திருத்தினாள். "கிடைச்சிடுச்சு அத்தான்" என்றான். "அப்பாடா" என்றார் அவர். செயலி வெளியானது.

சலவைக்கடைக்காரரின் குரல் தொலைபேசியைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது. "ஒருத்தர் துணிதாங்க ரெடி! எல்லாருக்கும் துணி ரெடின்னு தகவல் போயிருக்கு. ஊரே வாசல்ல நிக்குது!"

அத்தானின் முகம் வெளிறியது. "நான் வச்சது அதுதான் மாப்ள. நீ எடுக்கலையா?"

"நான் எடுத்தது போர்வை அத்தான்!"

"இதைச் சோதிச்சது யாரு?" என்றார் மேலாளரம்மா.

வேலை போய்விட்டது என்றே நினைத்து மச்சினன் எழுந்தான். அதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். "மேடம், அது நான் வேணும்னே வச்சது. இவன் கண்டுபிடிக்கட்டும்னு."

"கண்டுபிடிக்கவா வச்சீங்க?"

"மத்ததெல்லாம் வீட்லயே சொல்லிட்டான் மேடம்."

மேலாளரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் புரியல. முதல்ல அதைப் பதியுங்க. உங்க வேலையப் பத்தி அப்புறம் பேசலாம்."

அத்தான் விசைப்பலகையை மச்சினன் பக்கம் தள்ளினார். "போடு மாப்ள. என் தப்புன்னே போடு."

கண் கலங்கப் பதிந்தான். சுவரில் அந்த அம்பு வெளியிட்ட பிறகும் ஏன் திரும்பி வருகிறது என்று இப்போது புரிந்துவிட்டது. தனக்கு வேலை இருக்கிறதா என்பதுதான் புரியவில்லை.