செக்போஸ்ட்டில் கேட்பார்கள்

விடியற்காலை ஐந்தரைக்கு ராணி அரிசி களைந்துகொண்டிருந்தபோது தம்பி தினகரன் போன் செய்தான். "யக்கா, இன்னிக்கு லீவு போட்று. மலைக்குப் போலாம். நைனா நம்மள இட்டுகினு போவாரே, அந்த மடு. காரு எட்த்துகினு வந்துகினே கீறேன்." பொங்கலுக்குப் பொங்கல் வாசலோடு சீரைக் கொடுத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடுகிறவன். இன்றைக்கு மழையே கொட்டப் போகிறது என்று ராணி நினைத்தாள். "செக்போஸ்ட்டுல ஆதார் கேப்பாங்கக்கா. ஒரிஜினலு, பான் கார்டு, ரெண்டு போட்டோ. மறக்காத எட்த்துக்கோ. மாத்திக்க நல்ல பொடவையா ஒண்ணு." அக்கா ஈரத்துணியோடு திரும்பக் கூடாது என்றுகூட யோசித்திருக்கிறானே! அவள் பூரித்துப்போனாள்.

கணவன் வீரராகவன் பாயில் புரண்டு படுத்தபடி சிரித்தான். "இன்னாடி, மச்சானுக்குப் பாசம் திடீர்னு பொத்துகினு ஊத்துது?"

"ஒனக்கு வயித்தெரிச்சல்" என்று சொல்லிவிட்டு, தம்பி போன பொங்கலுக்குக் கொடுத்த பச்சைப் புடவையையே மடித்துப் பையில் வைத்தாள்.

ராணிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. பத்தொன்பது வருஷம். சட்டையைக் கையில் வாங்கும்போதே எங்கே தையல் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். சூப்பர்வைசரே அவளிடம் வாய் கொடுக்க மாட்டார். அப்பேர்ப்பட்ட கண்ணுக்கு அன்றைக்கு என்ன வந்ததோ! காரில் தம்பி பெண்டாட்டி தேவிப்பிரியா முகத்தைத் திருப்பி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ராத்திரி தூக்கம் இல்லை போலிருக்கிறது, பாவம் என்று இவள் இரக்கப்பட்டாள்.

ஊத்துக்கோட்டை தாண்டி மலையடிவாரத்தில் செக்போஸ்ட் என்று இருந்தது ஒரு கயிறும் ஒரு நாற்காலியும்தான். தலைக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்ட ஆள், ராணி நீட்டிய ஆதாரைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இது எதுக்கும்மா?" என்று திருப்பிக் கொடுத்தான். தினகரன் சட்டென்று கை நீட்டினான். "எங்கிட்டயே எல்லாத்தையும் குட்த்துடுக்கா. நீ தண்ணில உட்டுடுவே." கார்டுகளும் போட்டோவும் அவன் தோள்பைக்குள் போயின.

இரண்டு மணி நேர நடை. ஓடையோரமாகவே ஏறி, பாறைகளைத் தாண்டிப் போனால் மலை இடுக்கில் மடு. மேலிருந்து மெல்லிய அருவி விழுந்து, அடியில் தண்ணீர் கறுத்துத் தேங்கியிருந்தது. சுற்றிலும் ஓர் ஆள் இல்லை. ராணி சுரிதாரோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, குளிர் தாங்காமல் வாய்விட்டுச் சிரித்தாள். முத்தாபுதுப்பேட்டையில் நைனாவின் கழனிக் கிணற்றில் நீச்சல் படித்தவள். அதே கிணற்றில் ஏழு வயதுத் தினகரன் விழுந்தபோது, நீட்டிய கை எட்டாமல் போக, தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தவளும் அவள்தான். அன்றைக்குப் பிறகு அவன் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே இல்லை. இப்போதும் கரைப் பாறைமேல்தான் நின்றான். மூழ்குவதற்காக அவள் மூச்சை இழுத்தாள்.

"அண்ணி, தலைய நனைச்சிக்காதீங்க!" தேவிப்பிரியா பதறிக்கொண்டு எழுந்தாள். "மூணு மணிக்கு டோக்கன். ஈரத் தலையோட போட்டோ புடிச்சா நல்லாவா இருக்கும்?"

"இன்னா டோக்கன்?"

தினகரன் பெண்டாட்டியை எரித்துவிடுவதுபோல் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்க்காமல் அருவியைப் பார்த்துப் பேசினான். "ரிஜிஸ்டர் ஆபீசுக்கா. நைனாவோட கழனியக் குடோன் கட்றவன் வெலைக்குக் கேக்குறான். நீ விடுதலைப் பத்திரம் போட்டாத்தான் மொத்தமும் எம்பேருக்கு வரும். சும்மா ஒரு கையெழுத்து. போற வழிதான?"

செக்போஸ்ட். ஒரிஜினல். ரெண்டு போட்டோ. நல்ல புடவை. விட்டுப்போன தையல் ஒவ்வொன்றும் இப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

அவள் அழவில்லை. கோபம்கூட உடனே வரவில்லை. வெட்கம்தான் வந்தது, காலையில் பூரித்துப்போனதை நினைத்து. "டேய், ஊட்டுக்கு வந்து ஒரு டீ குட்ச்சிட்டுக் கேட்டிருந்தீன்னா போட்டுக் குட்த்திருப்பேன்டா."

பொய் இல்லை. அவர்கள் பக்கத்தில் எந்தப் பெண் அந்தக் கையெழுத்தைப் போடாமல் இருந்தாள்? சின்ன அத்தை போட்டாள், சித்தப்பா மகள் அகல்யா போட்டாள். பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டுமே என்று எல்லோரும் போட்டார்கள். ராணியும் எந்தப் பேனாவில் என்று மட்டும்தான் கேட்டிருப்பாள்.

"மாமா எதுனா சொல்லுவாரோன்னு..." தினகரன் இழுத்தான்.

"அதுக்கு நைனாவோட மடு கேக்குதா ஒனக்கு?"

கேட்டுவிட்டு அவள் தலையோடு மூழ்கினாள். எழுந்தபோது மடுவின் நடுவில் இருந்தாள். கொண்டை அவிழ்ந்து முடியெல்லாம் தண்ணீரில் பரவியிருந்தது.

"யக்கா, பதினொண்ணு ஆவுது! வாக்கா, எறங்கவே ரெண்டு மணி நேரமாவும்!"

அவள் மல்லாந்து மிதந்தாள். காதுக்குள் தண்ணீர் புகுந்ததும் அவன் குரல் நின்றது, வாய் மட்டும் அசைந்தது. பாறைமேல் தேவிப்பிரியா பச்சைப் புடவையைப் பிரித்து, காற்றில் பறந்துவிடாமல் மடியோடு பிடித்துக்கொண்டிருந்தாள். தினகரன் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் நின்றான். ஒரு கையால் தோள்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, மறு கையை அவள் பக்கம் நீட்டினான். எட்டவில்லை.