வெஞ்சனம் கிடைக்காத கதை

நாகஜோதி மில்லுக்குக் கொண்டுபோகும் டிபன்பாக்ஸில் வெறும் சோறுதான் இருக்கும். வீட்டில் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்துக்கு வழியில்லாமல் அல்ல, அவளுக்கு அது தேவைப்படுவதில்லை. செம்பட்டியில் கிளம்பி வேடசந்தூர் மில்லில் போய் நிற்கிற பஸ்ஸுக்கு அவள்தான் கதைசொல்லி. முதல் ஷிப்டுக்குப் போகிற பெண்கள் இருட்டோடு எழ வேண்டியவர்கள். ராத்திரி சீரியலுக்குப் பாட்டுப் போடும்போதே பாதிப் பேருக்குக் குறட்டை வந்துவிடும். நாகஜோதி மட்டும் முழித்திருந்து பார்ப்பாள். மறுநாள் பஸ்ஸில், சீரியல் நாயகி குயிலரசி அழுத இடத்தில் அழுது, மாமியார் பேசிய இடத்தில் மூக்கைச் சுருக்கி, முழுசாகச் சொல்லி முடிப்பாள். மில்லில் சாப்பாட்டு மணி அடித்ததும் ஆளுக்கொரு கரண்டி வெஞ்சனம் அவள் பாக்ஸில் விழும். ஆறு வருஷமாக இதுதான் ஏற்பாடு.

அன்றைக்குத் தீர்ப்பு நாள். குயிலரசியின் புருஷனை லாரி ஏற்றிக் கொன்ற அவள் மாமனாருக்கு என்ன தண்டனை என்று இரண்டு மாதமாக இழுத்த சேனல்காரன், நேற்றுத்தான் ஜட்ஜை நாற்காலியில் உட்காரவைத்திருந்தான். பக்கத்துச் சீட்டு சிவனம்மாள் கருவாட்டுத் தொக்கே கொண்டுவந்திருந்தாள். பஸ் ஏறும்போதே போனை டிரைவர் பக்கத்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது மில் சட்டம். எனவே நாகஜோதி வாயைத் திறந்தால்தான் நீதி.

"சொல்லுடி. தூக்கா, ஆயுளா?" என்றாள் சிவனம்மாள்.

நாகஜோதி இன்றைக்கு அழவும் இல்லை, மூக்கைச் சுருக்கவும் இல்லை. "ரெண்டும் இல்லக்கா. ஜட்ஜு பேனாவ எடுத்தாரு. அம்புட்டுத்தான். அப்பிடியே ஒரு ஆஸ்பத்திரி. கட்டில்ல குயிலரசி புருசன் கண்ண முழிக்கிறான்."

"செத்தவனா?"

"சாகலையாம். லாரி அடிச்சு நெனவில்லாமக் கெடந்தானாம். இம்புட்டு வருசமா நாம பாத்ததெல்லாம் அவன் கண்ட கனாவாம்."

"குயிலரசி?" என்றாள் பின்சீட்டு ரோஸ்மேரி.

"அவனுக்கு ஊசி போடுற நர்சு. கல்யாணமே ஆகலையாம்."

"அப்ப அவ வயித்துப் பிள்ள?" சிவனம்மாளின் குரல் இறங்கிவிட்டது. குயிலரசிக்கு வளைகாப்பு நடந்த வாரம் இந்தப் பஸ்ஸிலும் ஆளுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையலும் புளிச்சோறும் கொடுத்தவள் அவள்.

"அதும் கனாதான்க்கா."

சிவனம்மாள் தன் கையில் மிச்சமிருந்த வளையல்களைப் பார்த்தாள். பிறகு நாகஜோதியைப் பார்த்தாள். "ஏண்டி, நீ நேத்துத் தூங்கிட்டியா?"

"நான் எதுக்குக்கா தூங்குறேன்?"

"தூங்கிருக்க. கனாக் கண்டது அவன் இல்ல, நீ. எந்தக் கிறுக்குப் பயலாச்சும் ஆறு வருசக் கதைய இப்பிடி முடிப்பானா?"

நாகஜோதி கோட்டை மாரியம்மன் மேல் சத்தியம் செய்தாள். உன் தூக்கத்துக்கு ஆத்தாளை ஏன் சாட்சிக்கு இழுக்கிறாய் என்று நாலு பக்கமிருந்தும் கேட்டார்கள். ரோஸ்மேரி மட்டும் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அசதியா இருந்தா சொல்லிருக்கலாம்லக்கா. நாளைலேருந்து நான் முழிச்சிருந்து பாத்துச் சொல்றேன்."

ஆறு வருஷ வெஞ்சனமும் பேரும் பின்சீட்டுக்குப் போகிற சத்தம் நாகஜோதிக்கு அதில் கேட்டது. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர் பார்த்திருக்கக் கூடாதா?

முன்னால் டிரைவரை ஒட்டிய சீட்டில் சூப்பர்வைசர் ஈஸ்வரன் பேப்பரை விரித்து முகத்தை மூடியிருந்தார். சீரியல் என்றால் என்னவென்றே அறியாத மனிதர். அப்படித்தான் அவரே சொல்லியிருந்தார். சீரியல் நேரத்தில் அவர் வீட்டில் செய்தி விவாதம்தான் ஓடும். 'நாட்டு நடப்புத் தெரியாத சனம்' என்று தினமும் திண்டுக்கல் தாண்டுவதற்குள் ஒரு பிரசங்கம் செய்துவிடுவார். இன்று திண்டுக்கல் தாண்டி வெகுநேரமாகிறது. பிரசங்கமும் இல்லை, பேப்பரும் புரளவில்லை. நர்சு என்று சொன்னபோது அந்தப் பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு வந்ததும் நாகஜோதிக்கு இப்போது ஞாபகம் வந்தது.

"சரி, மிச்சத்தையும் கேட்டுக்கோங்க," என்றாள் உரக்க, பேப்பரைப் பார்த்தபடி. "மாமனாரு தலமாட்டுல உக்காந்து அவனுக்கு ஆரஞ்சு உரிச்சுக் குடுக்கிறாரு."

பேப்பர் இறங்கியது.

"உரிக்கலம்மா," என்றார் ஈஸ்வரன். "அந்தாளு ஆஸ்பத்திரியில தரை கூட்டுறவனா வாரான். கையில வெளக்கமாறு. சேனல்காரன் எடுத்துவச்ச கேவலமே போதும், நீ வேற ஆரஞ்சச் சேக்காத."

எல்லாத் தலைகளும் முன்னால் திரும்பின.

"சார் நியூசுல பாத்தீகளோ?" என்றாள் சிவனம்மாள்.

"இல்லம்மா... சேனல் மாத்தும்போது நடுவுல..."

"ஆறு வருசமா மாத்திக்கிட்டே இருக்கீகளா?"

ஈஸ்வரன் பேப்பரை மடித்தார். அதற்குமேல் மறைக்க அவரிடமும் தெம்பில்லை. "கோர்ட்டுக்குப் போறப்ப எம்புட்டு நிமிந்து போனா அந்தப் பிள்ள. நர்சாமில்ல, நர்சு," என்று ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார். அப்புறம் வேடசந்தூர் வரைக்கும் பஸ்ஸே கூடி அந்தச் சேனல்காரன் பரம்பரையை விசாரித்தது. அதில் அதிகம் விசாரித்தவர் சூப்பர்வைசர்தான்.

சாப்பாட்டு மணி அடித்தது. நாகஜோதி பாக்ஸைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். கரண்டி எதுவும் வரவில்லை.

"உன்னையக் குத்தஞ் சொல்லலடி," என்றாள் அடுத்த மேசையிலிருந்து சிவனம்மாள், தொக்கு டப்பாவை மூடியபடி. "நீ பாத்தது நெசந்தான். ஆனா இந்தக் கதைக்குக் கருவாடு குடுத்தா, அப்புறம் கருவாட்டுக்கு என்ன மருவாதி?"

ரோஸ்மேரி முந்திக்கொண்டாள். "நாளைக்கு நான் பாக்கலக்கா. சீக்கிரமே படுத்துருவேன்."

பொய் சொன்னாள் என்று பட்டினி போட்டால் நியாயம், உண்மை என்று தெரிந்தபிறகும் பட்டினியா? நாகஜோதி சோற்றில் தண்ணீரை ஊற்றப்போனாள். ஒரு நிழல் குறுக்கே விழுந்தது. ஈஸ்வரன், கையில் கத்தரிக்காய் வதக்கலோடு. அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"அந்த வெளக்கமாறப் பாத்ததும் டிவிய அணைச்சுட்டேம்மா. அதுக்கப்புறம் ஏதாச்சும் வந்துச்சா? செத்த நேரமாச்சும்?"

அதற்கப்புறம் வந்தது சோப்பு விளம்பரம். நாகஜோதி கத்தரிக்காயைப் பார்த்தாள், எண்ணெய் மினுங்க இருந்தது.

"வந்துச்சு சார்," என்றாள், பாக்ஸை அவர் பக்கம் நகர்த்தி. "கட்டிலுக்கு அடியில என்னமோ மின்னுது. குனிஞ்சு பாக்குறான். கனாவுல ஜட்ஜு எடுத்தாருல்ல, அந்தப் பேனா."

அடுத்த மேசையில் தொக்கு டப்பா மெல்லத் திறந்தது.